பதினாலாவது அங்கிள்

தமிழ்க் குடும்பங்களில் கோபித்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தை விட்டுக் கிளம்பும் உரிமை தாய்மாமன் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் கிளம்பினால் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். தாய்மாமன் கிளம்பினால் விசேஷமே அவர் பின்னால் கிளம்பிவிடும். இந்தச் சாதாரண உண்மை இருபத்து மூன்று வயதுவரை எனக்கு உறைக்கவில்லை. உறைத்த அன்று என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். என் கையில் மைக்.

அப்போது நான் ஒரு கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பேச்சுப் பயிற்சி மூன்று வாரம். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் முதல் நாளே பலகையில் 'கசின் பிரதர்', 'கோ-பிரதர்', 'கோ-சிஸ்டர்' என்று எழுதி, மூன்றையும் குறுக்கே அடித்துவிட்டு, "இப்படியெல்லாம் இங்கிலீஷ்ல வார்த்தையே கிடையாது. இதைச் சொன்னா வெள்ளைக்காரன் போனை வெச்சிடுவான்" என்றார். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. சேலையூரில் எங்கள் வீட்டுக்குள் மாதத்துக்கு எத்தனை வெள்ளைக்காரர்கள் போன் செய்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. அன்று மாலையே குடும்பத்தைத் திருத்தக் கிளம்பிவிட்டேன்.

முதல் பலி அப்பா. லாக்கர் விஷயமாக வங்கிக்குப் போனபோது, கூட வந்த சித்தியின் கணவரை மேனேஜரிடம் "ஹி இஸ் மை கோ-பிரதர்" என்று அறிமுகப்படுத்தினார். நான் விடுவேனா? "கோ-பிரதர்னு ஒண்ணு கிடையாதுப்பா. பிரதர் இன் லா."

மேனேஜர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஓ, உங்க தங்கச்சி வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்ல சார். என் சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரர்" என்றார் அப்பா.

"அதைத்தானே சார் கோ-பிரதர்னு மொதல்லயே கரெக்டா சொன்னீங்க?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் லாக்கருக்குள் என்னை வைத்துப் பூட்டும் எண்ணம் தெரிந்தது.

அடுத்தது அம்மா. அத்தையும் சித்தப்பா வீட்டுச் சித்தியும், அதாவது அம்மாவின் நாத்தனாரும் ஓரகத்தியும், ஆங்கிலத்தில் இருவருமே சிஸ்டர் இன் லாதான் என்று விளக்கினேன். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தே விட்டாள். "ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா? அப்புறம் நான் யாரோட பேசறதில்லைன்னு ஊருக்கு எப்படிடா தெரியும்?"

(நியாயமான கேள்வி. மேடத்திடம் கேட்டேன். அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.)

இந்தச் சூழ்நிலையில்தான் அக்காவுக்கு ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஹாலில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் ஆபீஸ் மேனேஜர், பூனாக்காரர், மனைவியோடு வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்கு அது போதும். "ஃபங்ஷனை நானே இங்கிலீஷ்ல நடத்தறேன்" என்று அறிவித்தேன். வந்திருந்த நூற்றைம்பது பேரில் தமிழ் தெரியாதவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்காக மற்ற நூற்று நாற்பத்தெட்டு பேரையும் வதைப்பதுதான் நாகரிகம் என்று நான் அப்போது நினைத்தேன்.

சபை மரியாதைக்கு அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். முதலில் தாய்மாமன், அப்புறம் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர், சித்தி வீட்டுக்காரர் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'எதிர் வீட்டு சார்' என்று முடிந்தது. மொத்தம் பதினான்கு ஆண்கள். ஒன்றாம் எண்ணைச் சுற்றி அம்மா இரண்டு வட்டம் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண்ணின் தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வர வேண்டும். முதல் சந்தனமும் முதல் மாலையும் அவருக்கு. இரண்டு பக்கத் தாய்மாமன்களும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம் ஆனதாகக் கணக்கு.

நான் அந்தப் பட்டியலை லேப்டாப்பில் ஏற்றினேன். பெயர் ஒரு கட்டம், உறவு ஒரு கட்டம். உறவை ஆங்கிலத்தில் மாற்றினேன். தாய்மாமன் - அங்கிள். பெரியப்பா - அங்கிள். சித்தப்பா - அங்கிள். எதிர் வீட்டு சாரை நான் சின்ன வயதிலிருந்தே அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன், ஆகவே அவரும் அங்கிள். பதினான்கு அங்கிள்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் ஒரே சரக்கு என்று ஆனபிறகு எந்த வரிசையில் அடுக்கினால் என்ன? ஏ, பி, சி, டி வரிசைதான் யாருக்கும் பாரபட்சம் இல்லாதது. ஒரே ஒரு பொத்தானைத் தட்டினேன். எதிர் வீட்டு அருமைராஜ் சார் முதலிடத்துக்கு ஏறினார். என் தாய்மாமன் வேலாயுதம் பதினாலாவது இடத்துக்குப் போனார். நான் அதை அழகான தாளில் அச்செடுத்து, கிளிப் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

வேலாயுதம் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புலியூரில் எலெக்ட்ரிக் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்பவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருக்குக் குழந்தை இல்லை. எனக்கும் அக்காவுக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து செருப்பு, குடை, சைக்கிள் எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அன்று பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை, கையில் சேலை வைத்த தட்டு என்று முதல் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமி பக்கத்தில். இரண்டு பேரும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். மண்டபத்தைத் திறந்ததே ஒன்பதேகாலுக்குத்தான்.

பத்தரைக்கு நான் மேடையேறினேன். லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன் என்று தொடங்கி நான்கு நிமிடம் அமெரிக்க உச்சரிப்பில் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கும் நினைவில்லை, கேட்டவர்களுக்கும் அப்போதே விளங்கவில்லை. பிறகு, பெண்ணின் அங்கிள்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வர வேண்டும் என்றேன்.

மாமாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். பெண்ணின் உறவு, மேடைக்கு வா என்ற இரண்டும் புரிந்துவிட்டன. எழுந்து, வேட்டியைச் சரி செய்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முதல் படியில் வலது காலை வைத்தார்.

"ஃபர்ஸ்ட், மிஸ்டர் அருமைராஜ்!" என்றேன் நான்.

மாமா அப்படியே நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நேரே அவரைப் பார்த்து, மைக்கில், புன்னகையோடு, "ஒன் மினிட் அங்கிள். உங்க டர்ன் வரும்" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவரை நான் மாமா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

அருமைராஜ் சார் கடைசி வரிசையில் போண்டாவோடு இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவர், தன் பெயரை யாராவது வாசித்தால் எழுந்துவிடுவார். போண்டாவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். முதலில் வருபவர் தாய்மாமன் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்காமல் அவர் நெற்றியில் சந்தனம் இட்டு, கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார்கள். "தம்பி, இது எனக்கா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேறு சுறுசுறுப்பானவர். தாம்பூலத் தட்டை எடுத்து அருமைராஜ் சாரிடம் நீட்டினார். அவரும் மரியாதைக்குக் கையை நீட்டினார்.

"சார்! கையை எடுங்க!" என்று அம்மா போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பொண்ணோட தாய்மாமன் கிறிஸ்டியனா? தரகர் சொல்லவே இல்லையே" என்று கேட்டது மைக்கிலேயே கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. மாமா, மாமி, தட்டு, சேலை நான்கும் இல்லை. வாசலில் நின்ற பையன் ஆட்டோ போன திசையைக் காட்டினான்.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் நிச்சயம் இன்னொரு நாளைக்குத்தான் என்றார் ஐயர். மாப்பிள்ளையின் அப்பா வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். மணமகள் அறையில் அக்கா பாதி அலங்காரத்தில், கட்டிக்கொள்ளச் சேலை இல்லாமல் நைட்டியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டேய் யுவராஜ், மாமா வராம நான் வெளிய வரமாட்டேன். இந்தக் கல்யாணம் நின்னா, உன் கல்யாணத்தை நான் உயிரோட இருந்து தடுப்பேன்" என்றாள்.

அப்பா கோபத்தில் என் கையிலிருந்த அச்சடித்த தாளைப் பிடுங்கி அதால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் ஏதோ கனத்தது. அருமைராஜ் சார் ஏறி உட்கார்ந்திருந்தார். "நானும் வர்றேன் தம்பி. அவர் மாலை என் கழுத்துல கிடக்குது. நேர்ல கொடுத்துட்டா எனக்கும் நிம்மதி."

"கழட்டி கையில வெச்சுக்கோங்க அங்கிள்."

"கையில வெச்சா காத்துல பூ உதிர்ந்துடும்பா."

அப்படியாக, தாம்பரத்து ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், நெற்றியில் சந்தனமும் கழுத்தில் முழ நீள மாலையுமாக ஒரு பெரியவரைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். பஸ்ஸிலிருந்து மக்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். அருமைராஜ் சாரும் பழக்க தோஷத்தில் பதிலுக்குக் கும்பிட்டார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா தலைவா, மாப்ளைக்கு வயசு ஜாஸ்தியா கீதே? வூட்டாண்டேர்ந்து தூக்கிகினு போறியா?" என்றார். சிவப்பு விளக்கு அன்றைக்கு என்று இரண்டு நிமிடம் கூடுதலாக எரிந்தது.

இரும்புலியூரில் மாமா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாமா பட்டு வேட்டியைக் கழற்றிவிட்டு லுங்கியில், டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடவில்லை. தட்டு மேஜைமேல் இருந்தது.

மாமிதான் முதலில் பேசினாள். "வாங்க அங்கிள். யாரைப் பாக்கணும்?"

"மாமி, ப்ளீஸ்..."

"மாமியா? ஆன்ட்டினு சொல்லு. நான் எத்தினியாவது ஆன்ட்டி, லிஸ்ட்ல பாத்து சொல்லு."

நான் மாமாவின் பக்கம் போய், "மாமா, அது வேணும்னே பண்ணல. ஏ, பி, சி, டி ஆர்டர் மாமா. உங்க பேரு வி-ல ஆரம்பிக்குது, அதனாலதான்..." என்றேன். இதைவிட முட்டாள்தனமான சமாதானத்தை அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை.

மாமா மெதுவாகத் திரும்பினார். "நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரில நர்ஸம்மா கைலேர்ந்து உன்னை மொதல்ல வாங்கினது யாரு, ஏ-வா, பி-யா?"

அவரே தொடர்ந்தார்.

"சிலிண்டர் போட வர்றவன் உனக்கு அங்கிளு. வாட்ச்மேன் அங்கிளு. பஸ்ல இடம் கேக்கறவன் அங்கிளு. நானும் அங்கிளா? போடா. மீதி பதிமூணு பேர் கீறாங்க இல்ல, அவங்கள வெச்சி நடத்து."

"ஒரு மாசமா பீரோ கண்ணாடி முன்னால தட்டை ஏந்திகினு நின்னு பாத்தாரு" என்றாள் மாமி. "வலது கால மொதல்ல வெக்கணுமா இடது காலான்னு என்னை கேட்டுகினே இருந்தாரு."

படியில் வைத்திருந்த அந்த வலது கால் என் கண்முன் வந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த நேரத்தில் அமெரிக்க உச்சரிப்பும் வரவில்லை, தமிழும் வரவில்லை. தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். இருபத்து மூன்று வயது, மாதச் சம்பளக்காரன்.

அப்போது அருமைராஜ் சார் தொண்டையைக் கனைத்தார். "சார், உங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடல. ஆனா இந்த மாலை கழுத்தை ரொம்ப அரிக்குது. இதோட கோயிலுக்கு எதிர்ல வந்தேன், என்னையும் சாமியா நினைச்சு ஒருத்தர் கும்பிட்டுட்டார். என் வீட்டுக்காரம்மா மண்டபத்துல என் போண்டாவை வெச்சிக்கினு உட்கார்ந்திருக்கா. நீங்க வந்து வாங்கிக்கிட்டா நான் போய்ச் சாப்பிடுவேன்."

மாமா அவரைப் பார்த்தார். சந்தனம் வழிந்து மூக்கு வரை வந்திருந்தது. ரோஜா இதழ்கள் சட்டைப் பையில் விழுந்திருந்தன. மாமாவுக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியும் சிரித்தாள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.

"சரி, வர்றேன்" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா மைக் என் கைல இருக்கணும்."

பதினொன்று நாற்பதுக்கு மண்டபத்தில் இருந்தோம். சேலை உள்ளே போனது. அக்கா ஏழே நிமிடத்தில் கட்டிக்கொண்டு வந்தாள். ஐயர் மணியைப் பார்த்து நெளிய நெளிய, மாமா மைக்கை வாங்கி, "நான் பொண்ணோட தாய்மாமன் வேலாயுதம்" என்று ஆரம்பித்தார். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர், சகலை, ஓரகத்தி, நாத்தனார் என்று ஒவ்வொருவரையும் முறை சொல்லி அறிமுகப்படுத்தினார். ஓரகத்தி வேறு நாத்தனார் வேறு என்று சபையில் நிலைநாட்டப்பட்டதில் அம்மாவுக்குப் பரம திருப்தி. கடைசியில் என்னைக் காட்டி, "இவன் பொண்ணோட தம்பி. கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல" என்றார். பதினொன்று ஐம்பத்தாறுக்குத் தட்டு மாறியது.

சாப்பாட்டுப் பந்தியில் பூனாக்கார மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இவராவது என்னைப் பாராட்டப்போகிறார் என்று ஓடினேன். அவர் மாமாவைக் காட்டி, தன் ஊர் ஆங்கிலத்தில், "அவர் மாமாதானே? எங்கள் மராத்தியிலும் மாமாதான். எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணை மேடைக்கு அழைத்து வருவதே மாமாதான். அவரை விட்டுவிட்டு நீ ஏன் வேறு யாரையோ முதலில் கூப்பிட்டாய்?" என்று கேட்டார். அவர் ஒருவருக்காகத்தான் இத்தனையும் நான் செய்தேன். பாயசத்தில் உப்புப் போட்டதைப் போல இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் அப்பளம் போடச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சில வருடம் கழித்து அக்கா மகளுக்குக் காதுகுத்து. இப்போது தாய்மாமன் நான். பட்டு வேட்டி, வலது கால் முதலில், குழந்தை என் மடியில். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மாமா பீரோ கண்ணாடி முன் ஒரு மாதம் நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. (நான் இரண்டு வாரம்தான் நின்றேன். வாடகை வீடு, கண்ணாடி சின்னது.)

மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மாமா மைக்கை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளைப் பிரித்தார். அந்த அச்சடித்த தாள்! அப்பா விசிறிக்கொண்ட அதே தாள்!

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன். ஃபர்ஸ்ட், மிஸ்டர் அருமைராஜ்!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. அருமைராஜ் சார் இந்த முறை போண்டாவோடே மேடைக்கு வந்தார். பதினான்கு பேரும் ஏ, பி, சி, டி வரிசையில் வந்து மாலை போட்டுக்கொண்டு போனார்கள். பதினாலாவதாக மாமா தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டார். ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி, "சார், நேரமாவுது, யாரு சார் தாய்மாமன்?" என்று கெஞ்சினார்.

"ஒன் மினிட் அங்கிள்" என்றார் மாமா என்னைப் பார்த்து. "வி-க்கு அப்புறம்தான்டா ஒய்."

பிறகு என் பக்கத்தில் வந்து, தன் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அன்று குழந்தை அழுததைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று வீடியோவில் இருக்கிறது.

அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் 'பதினஞ்சு' என்று பெயர். அக்கா மகள் அதைத்தான் என் நிஜப் பெயர் என்று நினைத்து வளர்ந்திருக்கிறாள். போன வாரம் அவளை அழைத்துவர முதல் முறையாக அவள் பள்ளிக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். உறவுமுறை என்ற கட்டத்தில் கை பழக்கத்தில் 'அங்கிள்' என்று எழுதிவிட்டது.

அவர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இன்னா சார் இது, அங்கிளுன்னா யார் வேணா வந்து கொயந்தைய இட்டுகினு போவாங்களே. நீங்க இன்னா ஒறவு?"

"தாய்மாமன்."

"அத மொதல்ல எழுதறதுக்கு இன்னா?"

அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். அதற்குள் அவள் புத்தகப் பையோடு என்னைப் பார்த்துவிட்டாள். "பதினஞ்சு மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

செக்யூரிட்டி என்னை ஒதுக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே தலையை நீட்டி, மீதிப் பதினாலு பேர் எங்கே வருகிறார்கள் என்று ரோட்டைப் பார்த்தார்.